சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வந்த பூனைக்கு எதை முதலில் பார்ப்பது?

தேவகோட்டையிலிருந்து எழுதியிருக்கும் அன்பரின் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அவருடைய அப்பத்தா வளர்க்கும் 12 வயது ஆண் பூனை ஓராண்டுக்குள் 5.6 கிலோவிலிருந்து 4.2 கிலோவுக்கு இளைத்துவிட்டது. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. பின்னங்கால்களில் குதிகால் தரையில் பட நடக்கிறது. பரிசோதனையில் ரத்தச் சர்க்கரை 412, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் 3.1 என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் பால் சோற்றை நிறுத்திவிட்டு இறைச்சியாகவே கொடுக்கச் சொல்கிறார்; இன்னொருவர் இறைச்சியைக் குறைத்துச் சிறுநீரக நோய்க்கென்று விற்கும் உணவைக் கொடுக்கச் சொல்கிறார். அப்பத்தாவும் சர்க்கரை நோயாளி என்பதால் அவருடைய இன்சுலினையே பூனைக்கும் போடலாமா என்று ஒரு துணைக் கேள்வியும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இரண்டு நோயும் எதிரெதிராக இழுக்கும்போது எதன் பக்கம் நிற்பது?

அந்த இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நோயைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்த்துவரும் நான் இத்தகைய பூனைகளில் கைக்கொள்ளும் வரிசை இது: முதலில் உடம்பின் நீர்ச்சத்து, அடுத்து பூனை வயிறாரச் சாப்பிடுவது, அதற்கும் அடுத்துதான் அது சாப்பிடும் உணவுக்கு ஏற்ற இன்சுலின். சர்க்கரையை நாள் முழுவதும் 100-ஐ ஒட்டியே நிறுத்திவைக்க வேண்டும் என்ற ஆசைக்கு இந்த வரிசையில் இடமில்லை. பூனையைத் தொட்டுப் பார்க்காமல் இன்சுலின் இத்தனை யூனிட் என்று நான் எழுதித்தரப் போவதில்லை. கீழே வரும் எண்கள், உங்கள் மருத்துவரிடம் பேசும்போது நீங்கள் விவரம் தெரிந்து பேசுவதற்காக மட்டுமே.

முதலில், இரண்டு நோயும் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடையில் அடைத்து, பேருந்தில் ஏற்றி, நாய் குரைக்கும் மருத்துவமனையில் காத்திருக்க வைத்த பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும், பயத்தினால் மட்டுமே சர்க்கரை 300-ஐத் தாண்டக்கூடும். ஆகவே ஒரே ஒரு சர்க்கரை எண்ணை வைத்து நோய் என்று சொல்வது சரியல்ல. உங்கள் பூனையின் கதை வேறு. எடைக் குறைவும், நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டும் அந்தக் குதிகால் நடையும் சேர்ந்திருப்பதால், சர்க்கரை நோய் என்பதில் எனக்குப் பெரிய ஐயமில்லை. முந்தைய இரண்டு மூன்று வாரங்களின் சராசரியைக் காட்டும் புரக்டோசமைன் பரிசோதனை அதை உறுதிசெய்யும். என் ஐயமெல்லாம் அந்த 3.1 மீதுதான். சர்க்கரை நோயில் சிறுநீராக நீர் வெளியேறி உடம்பு வறண்டிருந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியேட்டினின் ஏறும். மறுபுறம், கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்பதால், தசை கரைந்த பூனையில் அது உண்மையைவிடக் குறைவாகவும் காட்டும். எனவே டிரிப் ஏற்றுவதற்கு முன்பே சிறுநீரின் அடர்த்தி எண்ணைப் பார்த்துக்கொண்டு, உடம்பில் நீர் ஏறியபின் ஓரிரு வாரத்தில் மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தசை அளவால் அதிகம் பாதிக்கப்படாத எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனையையும் சேர்த்தால் நல்லது. சிறுநீரக நோயின் தீவிரத்தைப் பிரிக்க உலகெங்கும் பின்பற்றப்படும் ஐரிஸ் வகைப்பாட்டில் பூனையின் கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, 5-க்கு மேல் நான்காம் நிலை. உங்கள் பூனை மூன்றாம் நிலையின் வாசற்படியில்தான் நிற்கிறது. வறட்சி நீங்கினால் இரண்டாம் நிலைக்கு இறங்கினாலும் வியப்பில்லை. உணவு முடிவே இதைப் பொறுத்து மாறும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி தம் பூனையைக் கொண்டுவந்தார். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் அது சிறுநீர் கழித்த இடத்தில், ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையைச் சுற்றி எறும்பு வட்டம் கட்டியிருந்ததைக் கண்டுதான் புறப்பட்டு வந்ததாகச் சொன்னார். எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்னால் எறும்பு சர்க்கரையைச் சொல்லிவிட்டது. ஆனால் எறும்புக்குத் தெரியாத ஒன்று உண்டு. சர்க்கரை நோயிலும் பூனை நிறையக் குடித்து நிறையக் கழிக்கும். சிறுநீரக நோயிலும் அப்படியே. சர்க்கரை மட்டும் உள்ள பூனையில் தாகம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். இரண்டும் உள்ள பூனையில், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் தாகம் தொடரும். எடையும் எளிதில் ஏறாது. அதைப் பார்த்து "இன்னும் குடிக்கிறதே, ஊசி போதவில்லை போலும்" என்று அளவைக் கூட்டிக்கொண்டே போய், ஒருநாள் விடியற்காலையில் பூனை வலிப்பில் கிடப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கண்டிருக்கிறேன். இந்தப் பூனைகளில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்து இன்சுலினைக் கூட்டக் கூடாது. சர்க்கரையை அளந்துதான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

ஒன்று மற்றொன்றால் வந்ததா என்று கேட்பீர்கள். மனிதருக்கு நீண்டகாலச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட செய்தி. பூனையில் அதே வழியில்தான் கெடுகிறது என்பது அவ்வாறு நிலைநாட்டப்படவில்லை. இரண்டுமே வயதான பூனைகளில் அதிகம் என்பதால் சேர்ந்து வருகின்றன என்று கொள்வதே இப்போதைக்குப் பொருத்தம். இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு மட்டும் எந்த ஆதாரமும் இல்லை. உண்மை அதற்கு நேர்மாறானது: இன்சுலினின் ஒரு பகுதியை உடைத்து வெளியேற்றுவது சிறுநீரகம்; அது தளர்ந்தால் போட்ட ஊசி உடம்பில் கூடுதல் நேரம் தங்கும்.

இனி உணவு. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு மாவுச்சத்து மிகக் குறைவாகவும் புரதம் நிறைவாகவும் உள்ள ஈர உணவு நல்லது என்பது உறுதி. நோய் தொடங்கிய புதிதில் இவ்வுணவும் சரியான இன்சுலினும் சேர்ந்தால், சில பூனைகள் இன்சுலினே தேவையில்லாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு. சிறுநீரக நோயில் பாஸ்பரசைக் குறைத்த உணவு ஆயுளை நீட்டிக்கிறது என்பதும் அதே அளவு உறுதி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், புரதம் அதிகமுள்ள உணவில் பாஸ்பரசும் அதிகமாக இருக்கும். சிறுநீரக உணவுகளில், அதிலும் உலர்ந்த தீனியில், புரதத்தைக் குறைத்த இடத்தை மாவுச்சத்து நிரப்பியிருக்கும். இரண்டு நோயும் உள்ள பூனைக்கு இதில் எது மேல் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் சொல்வதும் அனுபவத்தில் வந்த சாய்வுதான். இரண்டாம் நிலையில், ரத்தத்தில் பாஸ்பரஸ் 4.6-க்குள் நின்றால், மாவுச்சத்து குறைந்த ஈர உணவையே கொடுத்து, தேவைப்பட்டால் பாஸ்பரசைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மருந்தை உணவில் கலந்து தருவேன். மூன்றாம் நிலை உறுதியாகி, பாஸ்பரஸ் 5-ஐத் தாண்டினால் சிறுநீரக உணவின் ஈர வகைக்கு மாற்றுவேன். அதில் மாவுச்சத்து கூடுதலாக இருந்தால், கூடும் சர்க்கரையை இன்சுலினால் ஈடுகட்டலாம். மாவுச்சத்தை ஊசியால் சமாளிக்க வழி இருக்கிறது. பாஸ்பரசைச் சமாளிக்க அப்படியொரு ஊசி இல்லை. ஆகவே முரண் முற்றினால் உணவைச் சிறுநீரகத்துக்கு விட்டுக்கொடுத்து, சர்க்கரையை இன்சுலினிடம் விடுவேன்.

இவற்றுக்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு. பூனை எதையும் தொடாமல் கிடப்பதைவிட, தகாத உணவைச் சாப்பிடுவது மேல். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும். குமட்டலோடு இருக்கும் நாளில் புது உணவை வைத்தால், அந்த வாசனையையே அது வாழ்நாள் முழுதும் வெறுத்துவிடும். ஆகவே குமட்டலை மருந்தால் அடக்கிவிட்டு, பழைய உணவில் சிறிது சிறிதாகக் கலந்து, மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். வீட்டு உணவுதான் வழி என்றால், எலும்பில்லாத கோழியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாஸ்பரஸ் ஓரளவு குறையும். முட்டையின் வெள்ளைக்கரு பாஸ்பரஸ் குறைந்த நல்ல புரதம். மஞ்சள் கரு, ஈரல், முள்ளோடு அரைத்த நெத்திலி ஆகியவை அதற்கு நேர் எதிர். ஆனால் இது முழுமையான உணவன்று. டாரின் போன்ற சத்துகளை அளந்து சேர்க்காமல் மாதக்கணக்கில் ஓட்டக் கூடாது. பால் சோற்றை நிறுத்தத்தான் வேண்டும். கருவாடு வேண்டாம். நம் ஊர்க் கறிக்குழம்பில் கழுவி எடுத்த துண்டு என்றாலும் வேண்டவே வேண்டாம்: சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சர்க்கரை நோயுள்ள பூனையின் சிவப்பணுக்கள் ஏற்கெனவே அச்சேதத்துக்கு எளிதில் ஆளாகக் கூடியவை.

அப்பத்தாவின் இன்சுலினைப் பற்றி. மனிதர்க்குச் செய்த கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலினைத்தான் நாங்களும் பூனைக்குப் பெரும்பாலும் போடுகிறோம். ஆகவே கேள்வி தப்பில்லை. ஆனால் நம் வீடுகளில் அதிகம் இருப்பது 30/70 கலவை இன்சுலின். அது பூனைக்குப் பொருந்தாது. சட்டென்று இறக்கிவிட்டுச் சட்டென்று தீர்ந்துபோகும். கிளார்ஜினே என்றாலும் அப்பத்தாவின் பேனாவைப் பங்குபோட வேண்டாம், பூனைக்கெனத் தனியாக வாங்குங்கள். இதைவிட ஆபத்தான இடம் சிரிஞ்ச். நம் மருந்துக்கடைகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் 100 யூனிட் உள்ளதும் இரண்டும் கிடைக்கின்றன. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட். ஐம்பது கிலோ மனிதருக்கு அது சிறு பிழை. நாலு கிலோ பூனைக்கு அது உயிர்ப் பிழை. அரை யூனிட் கோடு உள்ள 0.3 மில்லி சிரிஞ்ச் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வழக்கமாகக் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட் வரை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவது மரபு. சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் அதன் கீழ் விளிம்பில்தான் தொடங்க வேண்டும். கூட்டுவதென்றால் ஒரு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம், அதுவும் அரை யூனிட் மட்டுமே. நாளின் பெரும்பகுதி 120-க்கும் 300-க்கும் இடையே சர்க்கரை நின்றாலே எனக்குத் திருப்தி. மாத்திரையால் ஆகாதா என்பவர்களுக்கு: மெட்பார்மின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது, இந்தப் பூனைக்கு அதைத் தொடக் கூடாது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் பெக்சாகிளிப்ளோசின், வெலாகிளிப்ளோசின் என்ற இரு மருந்துகள் பூனைக்கென்றே 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இன்சுலின் தேவையில்லை என்பதால் ஆசை காட்டும். ஆனால் அவை இன்சுலின் போட்டுப் பழகிய பூனைக்கு உரியவை அல்ல, இளைத்து வறண்ட பூனைக்கும் சிறுநீரகம் மிகத் தளர்ந்த பூனைக்கும் உகந்தவை அல்ல. சர்க்கரை எண் நன்றாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. மனிதர்க்கு விற்கும் இதே குடும்பத்து மாத்திரையை உடைத்துக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் வேண்டாம்.

வீட்டில் சர்க்கரை பார்ப்பதற்குக் காதுமடலின் ஓரத்தைக் குத்த வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிடம் காதில் ஒற்றி வைத்தால் ஓரத்து நாளம் எழும்பும். உள்பக்கம் ஒரு பஞ்சை அண்டக் கொடுத்து, நாளத்துக்கு மிக அருகில் குத்தினால், கடுகளவு ரத்தம் முத்தாக நிற்கும். முதல் நாள் பூனை தலையை உதறி உங்கள் சட்டையில் புள்ளி வைக்கும்; பத்தாம் நாள் தானே வந்து மடியில் உட்காரும், முடிந்ததும் ஒரு கோழித் துண்டு கிடைக்கும் என்று தெரிந்தால். மனிதர்க்கான கருவி பூனையில் உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும் வழக்கமுடையது. ஆனாலும் ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் போக்கு தெரியும். தொடக்க வாரங்களில் ஊசிக்கு முன் எண் 200-க்குக் கீழே இருந்தால் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிடாத வேளையில் முழு அளவு போடாதீர்கள். தள்ளாட்டம், மந்தமான பார்வை, வெறித்த கண், வலிப்பு ஆகியவை சர்க்கரை 60-க்குக் கீழே விழுந்ததன் அடையாளங்கள். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். வலிப்பில் இருக்கும் பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதற்கு எதிர்ப்பக்கமாக, சாப்பிடாமல் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தால், ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் சிறுநீரில் இருந்தால் காட்டும் கீட்டோன் பட்டையை அதில் நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அன்றே மருத்துவமனை.

நீர்ச்சத்துக்கு வருகிறேன். தண்ணீர்க் கிண்ணங்களை முகப்பிலும் வளவிலும் அடுப்படியிலுமாக வைப்பதும், ஈர உணவில் மேலும் தண்ணீர் கலப்பதும் போதாதபோது, தோலுக்கடியில் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்) ஏற்றக் கற்றுக்கொள்ளலாம். மேலே சொன்ன ஆச்சி வீட்டில் ஊஞ்சல் கொக்கியில்தான் பாட்டிலைத் தொங்கவிடுவார்கள். உள்ளங்கை சூட்டுக்கு அதை வெதுவெதுப்பாக்கி, தோள்பட்டைகளுக்கிடையே தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செருகினால், பத்து நிமிடத்தில் 100 மில்லி இறங்கிவிடும். அந்த வீக்கம் மெல்ல முன்னங்கால் பக்கம் சரிந்து சில மணி நேரத்தில் கரையும், பயப்பட வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறை என்பதை இதயத்தைச் சோதித்தபின் மருத்துவர் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதயம் பலவீனமான பூனைக்கு இதே நீர் நெஞ்சில் தேங்கும். மருந்துக்கடையில் ஆர்.எல். இல்லை என்று டி.என்.எஸ். எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தோலுக்கடியில் சர்க்கரைத் தண்ணீரையே ஏற்றியதாகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டாசியத்தைச் சிறுநீரகம் ஒழுகவிடும், இன்சுலின் செல்லுக்குள் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் அது சரியும், பூனை கழுத்தைத் தூக்க முடியாமல் தலையைத் தொங்கப்போடும். ரத்த அழுத்தம் 160-க்கு மேல் நிலைத்தால் மாத்திரை தேவை. 180-ஐத் தாண்டினால் ஒரே இரவில் பார்வை போகலாம். சிறுநீர்த் தொற்று இந்த இரு நோயிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். அது இருக்கும்வரை சர்க்கரையும் அடங்காது, ஆகவே சிறுநீரை ஒருமுறை கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள். இந்த வசதிகள் அருகில் இல்லையென்றால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கல்லூரியின் மருத்துவமனைக்கோ ஒருமுறை போய்வருவது வீண் செலவாகாது.

உங்கள் கடிதத்தின் நடுவே, போன ஆண்டு தோல் அரிப்புக்காக இரண்டு முறை "நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி" போட்டதாக ஒரு வரி இருக்கிறது. அது ஸ்டீராய்டாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு பூனையில் சர்க்கரை நோயைக் கிளப்பிவிடும். சர்க்கரை வெறும் ஊசியால் வந்ததென்றால் அதை நிறுத்தியபின் இன்சுலின் தேவை குறையும் நம்பிக்கையும் உண்டு. அந்தச் சீட்டைத் தேடி எடுங்கள், இனிச் செல்லும் இடத்திலெல்லாம் ஸ்டீராய்டு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். வலிக்கு என்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு துண்டே பூனையைக் கொல்லும்.

எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பத்தா கேட்பார். இரண்டாம், மூன்றாம் நிலையில் பூனைகள் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான்காம் நிலையில் பேச்சு மாதங்களுக்குச் சுருங்கிவிடும். குதிகால் நடை, சர்க்கரை கட்டுப்பட்டால், மெதுவாகவேனும் பெரும்பாலும் சீராகும். அதுவரை வழுக்கும் ஆத்தங்குடித் தரையில் அது நடக்கும் தடத்தில் பழைய கோணிச் சாக்கையோ கோரைப்பாயையோ விரித்துவையுங்கள். மருத்துவர் சொல்லும் ஓரிரு வார இடைவெளிகளில் எடை, சர்க்கரை, கிரியேட்டினின், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றைப் பாருங்கள். நிலைப்பட்டபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

கடைசியாக ஒன்று. காலையில் ஊசி அப்பத்தா போடுவார், மாலையில் நீங்கள் போடுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் போட்டது தெரியாமல் இன்னொருவர் போடுவதுதான் பெரிய வீடுகளில் நான் காணும் முதல் விபத்து. இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பெட்டியின் மேலேயே தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டு, ஊசி போட்டவர் அன்றைய தாளில் மணியையும் யூனிட்டையும் எழுதிவிட்டுத்தான் சிரிஞ்சை எறிய வேண்டும். தாளில் எழுத்து இல்லை, போட்டோமா என்பதும் நினைவில்லை என்றால், அந்த வேளையை விட்டுவிடுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம், இரண்டு முறை போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. அந்தத் தாள்களைக் கிழித்து எறியாமல், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கட்டாகக் கொண்டுபோங்கள்.